தோல் ஹேண்ட்பேக்கில நாத்தமா? மட்டக்களப்புக் காத்துக்கு எது சரிவரும், எதைச் செய்யவே கூடாது

லண்டன் மாமி தந்த பை, சுவிஸ் மச்சாள் கலியாணத்துக்கு வந்து போகேக்க குடுத்திட்டுப் போன பை, காசு சேர்த்து நீங்களே செக்கன்ட் ஹேண்ட்ல எடுத்த பை, எதுவா இரிந்தாலும் எங்கட ஊர்ல ஒரு மாரி தாண்டினாப் பொறகு அலுமாரியத் திறந்தா அதில ஒரு வாடை வரும். என்ட பைக்கும் வந்தது. இன்டர்நெற்றில தேடினா எல்லாம் குளிர் நாட்டு ஆக்கள் எழுதினது, ரெண்டு நாள் வெளியில காத்துப்பட வையுங்க சரியாகிரும் எண்டு சொல்லுறாங்க, கல்லடியில நவம்பர் மாசம் வெளியில வச்சா பை இன்னும் ஈரம் குடிச்சிட்டுத்தான் உள்ள வரும். அவங்கட முறைய இங்கத்தக் காத்துக்கு ஏத்த மாதிரி மாத்தி, கேட்டு, இழுபட்டு ஒரு வழியாச் சரிவந்தத எழுதுறன். புதுசா இப்பிடி ஒரு பை கைக்கு வந்திருக்கிற ஆக்கள் இத முழுசா வாசிச்சிட்டுப் பையில கைய வையுங்க.

வாசனைச் சாமான் ஒண்டும் இப்ப வாங்காதீங்க. சென்ட், ரூம் ஸ்பிரே, கோப்பித்தூள், சாம்பிராணிப் புகை எல்லாம் மணத்துக்கு மேல மணம். இங்க பெரும்பாலும் அடியில கிடக்கிறது ஈரம், அத எடுக்காம மேல என்னத்த அடிச்சாலும் திரும்ப வரும், வரேக்க ரெண்டு மணமும் சேர்ந்து வரும்.

1. எங்கயிருந்து வருது எண்டு மூக்க வச்சுக் கண்டுபிடிங்க

பைய மேசையில வச்சு எல்லாத்தையும் வெளிய எடுங்க. பில், டிஷ்யூ, உடைஞ்ச பனடோல் எல்லாம் போகட்டும். பொறகு ஒவ்வொரு இடமாத் தனித்தனிய மணந்து பாருங்க: உள் சீலை (லைனிங்), சிப் பொக்கற்றுக்குள்ள, கைபிடி, வெளித்தோல், அடிப்பக்கம். நடுவில கொஞ்சம் வெளிய போய்க் காத்து வாங்கிட்டு வாங்க, தொடர்ந்து மணந்தா மூக்குப் பழகிரும்.

கனபேர் விடுற இடம் ஒண்டு இரிக்கு. பையோட வந்த துணி உறையையும் கடதாசிப் பெட்டியையும் மணந்து பாருங்க. பை நல்லா இரிந்து, பெட்டிதான் பூஞ்சணம் பிடிச்சு நாறிக்கொண்டிருக்கும், பைய எத்தனை தரம் துடைச்சாலும் திரும்ப அந்தப் பெட்டிக்குள்ள வச்சா கதை முதல்ல இருந்து தொடங்கும். உறையத் தனிய கழுவிக் காய வைக்கலாம். பெட்டி ஈரம் குடிச்சிருந்தா அத எறிய மனம் வராது, பிறகு விக்கிறதெண்டா பெட்டிக்கும் விலை இரிக்கு, அதால பெட்டிய வேற இடத்தில காயவச்சு வையுங்க, பைய மட்டும் அதுக்குள்ள வைக்காதீங்க.

மணத்த வச்சு ஆளப் பிடிக்கலாம்:

மண் நனைஞ்ச மாதிரி, பழைய புத்தகம் மாதிரி மணந்தா பூஞ்சணம். வெள்ளையா, பச்சையா தூள் மாதிரிப் புள்ளி இரிந்தா சந்தேகமே வேணாம்.

மூக்குக்குள்ள குத்துற மணம் எண்டா நெப்தலீன், அதுதான் அலுமாரிப் பூச்சி உருண்டை. உருண்டையத் தூக்கி எறிஞ்சாலும் தோலுக்குள்ள போன ஆவி லேசில போகாது.

இனிப்பான, கனத்த மணம் எண்டா அத்தர் இல்லாட்டி சென்ட் போத்தல் ஒழுகியிருக்கும். காத்தான்குடியில வாங்கின சின்ன அத்தர் போத்தலப் பைக்குள்ள போட்டுத் திரியிற பழக்கம் எங்கட பக்கம் கனபேருக்கு இரிக்கு, மூடி லேசாக் கழண்டாலே போதும்.

புளிச்ச மணம் எண்டா பால், ஜூஸ், பிள்ளைட சாப்பாடு ஏதும் ஊத்துப்பட்டிருக்கும். வெளிநாட்டுப் பயணத்தில சூட்கேசுக்குள்ள கருவாட்டுப் பார்சலோட சேர்ந்து போன பையப் பத்தி நான் ஒண்டும் சொல்லத் தேவையில்ல.

சிகரெட் புகை பெரும்பாலும் செக்கன்ட் ஹேண்ட் பையில. உள் சீலைதான் கூடக் குடிச்சிருக்கும்.

கெமிக்கல் மாதிரி மணந்து, உள்பக்கம் கையில ஒட்டுது, உரிஞ்சு தூளா வருது எண்டா அது வேற வருத்தம். பழைய லூயி விட்டோன் பைகள் சிலதில உள் பொக்கற்றுக்குப் பூசின பிளாஸ்ரிக் பூச்சு ஈரத்தில சிதைஞ்சு இப்பிடி வரும். இதுக்கு வீட்டு மருந்து இல்ல, நேரா 7க்குப் போங்க.

புதுப்பையில தோல் மணம் வாறது வழமை. ஆனா 2014ல ஹெர்மேஸ் பை சிலது வெய்யில் பட்டா கெட்ட நாத்தம் அடிக்குது, தோல் பதனிட்ட விதத்தில பிழை எண்டு வெளிநாட்டுப் பத்திரிகையிலயே வந்தது. அப்பிடி உற்பத்தியில வந்த பிழைய நீங்க துடைச்சு எடுக்க ஏலாது, பில்லோட கடைக்குத்தான் போகணும்.

2. தோல் எந்த வகை எண்டு பாருங்க, பொறகுதான் தண்ணி

வெளிய தெரியாத ஒரு மூலையில, அடியிலயோ உள்மடிப்பிலயோ, சின்னத் துளி தண்ணி விடுங்க. துளி அப்பிடியே உருண்டு நிண்டா மேல பூச்சுள்ள தோல், மெல்லிசா ஈரத்துணி தாங்கும். உடன இழுத்து இருண்டு போனா பூச்சில்லாத தோல், அதுக்குத் தண்ணி, வினாகிரி, சவக்காரம் ஒண்டும் வேணாம், காத்தும் கரியும் மட்டும்தான். லூயி விட்டோன் மொனோகிராம் பையில பிரவுண் படம் போட்ட பகுதி தோலே இல்ல, பூச்சுப் பூசின கன்வஸ், அதத் துடைக்கலாம். ஆனா அதே பையிட கைபிடியும் விளிம்பும் பூச்சில்லாத மாட்டுத் தோல், ஒரு துளி மழை பட்டாலும் வட்டம் விழும். சுவேட், அதாவது மேல்பக்கம் மென்மயிர் மாதிரி இரிக்கிற தோலுக்கு ஈரமே காட்டாதீங்க. சனெல் ஆட்டுத்தோல் மாதிரி மெல்லிசுக்கு அழுத்தித் தேய்க்கிறதே கூடாது.

வெள்ளைப் பஞ்ச லேசா நனைச்சு அந்த மூலையில ஒத்திப் பாருங்க, பஞ்சில கலர் வந்தா அதோட விடுங்க.

3. முதல்ல காயணும். இந்தப் படியத் தாண்டிப் போகாதீங்க

மாரியில, அதாவது ஒக்டோபர் கடைசியில இருந்து ஜனவரி வரைக்கும், இங்க வெளிக்காத்தில ஈரம் கூட. பூஞ்சணத்துக்கு 65, 70 வீதத்துக்கு மேல ஈரப்பதம் கிடைச்சாக் காணும். பைக்கு நல்லது 45இல இருந்து 55 வரைக்கும். ஈரப்பதம் காட்டுற சின்ன மீற்றர் ஒண்டு ஒன்லைன்ல வாங்கி அலுமாரிக்குள்ள வையுங்க, இந்த விசயத்தில நான் காசு குடுக்கச் சொல்லுற முதல் சாமான் அதுதான், தோலுக்குப் பூசுற கண்டிஷனரும் ஸ்பிரேயும் பொறகு.

ஏசி அறை இரிந்தா பையத் திறந்து, சிப் எல்லாம் இழுத்துவிட்டு, ட்ரை மோட்ல போட்டு இரவு முழுக்க வையுங்க. ஏசி இல்லாட்டி ஃபேனுக்கு நேர வைக்காம, ஒரு பக்கமாக் காத்துப் படுற மாதிரிக் கதிரையில வையுங்க. உள் சீலையக் கையால பிடிச்சு வெளிய இழுத்து விடுங்க, சில பையில முழுசா வராது, வாற அளவுக்குப் போதும், கிழிக்காதீங்க. மாரியில ஃபேன் மட்டும் எண்டா ரெண்டு மூண்டு நாள் எடுக்கும்.

மே, ஜூன்ல கச்சான், அதாவது சூடான வறண்ட காத்து, அடிக்கேக்க இது லேசு, காலையில யன்னலத் திறந்துவிட்டு நிழல்ல வச்சாலே ஒரு நாளில காஞ்சிரும். அதுக்காக மத்தியானக் கச்சானுக்கு நேர முற்றத்தில தொங்கவிட்டா தோல் வறண்டு வெடிக்கும். வெய்யிலும் அப்பிடித்தான், பூஞ்சணம் சாகும் எண்டு அம்மாமார் சொல்லுவாங்க, பூஞ்சணத்தோட கலரும் போகும். ஹெயார் ட்ரையரக் கிட்டவும் எடுக்காதீங்க.

4. பூஞ்சணம் இரிந்தா

மாஸ்க் போட்டுக்கொள்ளுங்க, ஆஸ்துமா உள்ள ஆக்கள் வேற யாரையும் செய்ய விடுங்க. பைய வீட்டுக்கு வெளிய கொண்டுபோய், காஞ்ச மெல்லிசு பிரஷ்ஷால ஒரே பக்கமாத் தட்டி விடுங்க. வீட்டுக்குள்ள தட்டினா தூள் பறந்து மற்றப் பைகளிலயும் சாரியிலயும் போய் இருக்கும். ஈரத்துணியால முதல்லயே துடைக்கிறதும் பிழை, அது பூஞ்சணத்தத் தோலுக்குள்ள தேய்ச்சு ஏத்தும். தட்டின பொறகு, பூச்சுள்ள தோல் எண்டா மட்டும், நல்லாப் பிழிஞ்ச துணியால ஒருதரம் துடைச்சு, உடன காஞ்ச துணியால ஒத்தி, திரும்ப மூண்டாம் படிக்குப் போங்க.

சேர்ஜிகல் ஸ்பிரிட் அடிச்சாச் சாகும் எண்டு சொல்லுவாங்க. உண்மைதான், ஆனா தோலில பட்டாப் பூச்சும் சாயமும் சேர்ந்து வரும். சிப்பிலயும் கொழுக்கியிலயும் பஞ்சால தொட்டுத் துடைக்கிறதோட நிப்பாட்டுங்க.

அலுமாரிய மறக்காதீங்க. அந்தத் தட்டில இரிந்த எல்லாத்தையும் இறக்கி, தட்ட நல்லாத் துடைச்சு, ரெண்டு நாள் திறந்துவிட்டுத்தான் திரும்ப அடுக்கணும். அலுமாரியிட முதுகு வெளிச்சுவரோட ஒட்டினபடி இரிந்தா அஞ்சாறு விரல் அகலம் முன்னுக்கு இழுங்க, மாரியில அந்தச் சுவர்தான் ஈரத்த உள்ள அனுப்பிக்கொண்டு நிக்கும்.

5. உள் சீலையச் சுத்தம் செய்யிறது

வாக்குவம் இரிந்தா சின்ன வாய் போட்டு மூலை மடிப்பெல்லாம் இழுங்க. இல்லாட்டி அகலமான டேப்பக் கையில ஒட்டுற பக்கம் வெளிய வாற மாதிரிச் சுத்தி ஒத்தி எடுங்க, அடியில கிடக்கிற பவுடரும் மாவும் நீங்க நினைக்கிறத விடக் கூட வரும்.

சீலை துணியா இரிந்தா, பேபி சவக்காரத்த இளஞ்சூட்டுத் தண்ணியில கொஞ்சமாக் கரைச்சு, அந்தத் தண்ணியில துணிய நனைச்சு, சொட்டாத அளவுக்குப் பிழிஞ்சு துடைக்கணும். பொறகு வெறும் தண்ணித் துணியால ஒருதரம், அதுக்குப் பொறகு காஞ்ச துணி. சீலையும் தோலா இரிந்தா இத விட்டிருங்க.

புளிச்ச மணத்துக்கும் சிகரெட்டுக்கும் வினாகிரி வேலை செய்யும், ஒரு பங்கு வினாகிரிக்கு ஒரு பங்கு தண்ணி, துணியில எடுத்து ஒத்துறது மட்டும். வெள்ளை வினாகிரியா இரிக்கணும். குசினியில இரிக்கிற தென்னை வினாகிரிய எடுத்தா அதுக்கெண்டு ஒரு மணம் இரிக்கு, கலரும் இரிக்கு, வெளிர் நிறச் சீலையில மஞ்சள் திட்டு விழும். வினாகிரி மணம் ஒரு நாளில போகும், பயப்பட வேணாம்.

அத்தர் எண்ணெய், தண்ணிக்கு அசையாது. கோன் ஃப்ளவர் மாவக் கறை மேல கனமாப் போட்டு இரவு விட்டு, காலையில மெல்லத் தட்டி விடுங்க, ரெண்டு மூண்டு தரம் மாத்திப் போடணும். மாவ மிச்சம் வைக்காதீங்க, ஈரம் பட்டா அதுவே பூஞ்சணத்துக்குச் சாப்பாடு.

6. கரி, அப்பச்சோடா: மணத்த இழுக்கிற வேலை

பை காஞ்சு, சுத்தமான பொறகுதான் இது. ஈரப் பைக்குக் கரி வச்சு மூடினா பூஞ்சணத்துக்கு வீடு கட்டிக் குடுத்த மாதிரி.

எங்களுக்கு வசதி, சிரட்டைக்கரி. கடையில விக்கிற ஏக்டிவேட்டட் கரி சிரட்டையில இருந்துதான் கனக்கச் செய்யிறாங்க, அது நல்லா இழுக்கும், வீட்டுக் கரி அந்தளவுக்கு இழுக்காது, அதால கூடப் போடணும். சிரட்டைய எரிச்சு, புகை முழுக்க அடங்கினாப் பொறகு அணைச்ச கரியா இரிக்கணும். பாதி எரிஞ்சது எண்டா புகை மணம் பைக்கு ஏறும். கொட்டைப்பாக்கு அளவுக்கு உடைச்சு, தூளச் சல்லடையில தட்டி விட்டு, வெய்யில்ல ஒரு நாள் காயவச்சு, பழைய வெள்ளைக் கொட்டன் சொக்சுக்குள்ள போட்டு இறுக்கிக் கட்டுங்க. அதுக்கு மேல இன்னொரு சொக்ஸ். அதையும் நேராச் சீலையில வைக்காம ஒரு கப்புக்குள்ள நிமித்தி வச்சுப் பைக்குள்ள வையுங்க, கறுப்புத் தூள் வெளிர் சீலையில பட்டா மணத்த விட அது பெரிய தலையிடி.

வெளித்தோலும் மணந்தா, மூடியுள்ள பெரிய பிளாஸ்ரிக் பெட்டி ஒண்டுக்குள்ள பையையும் வச்சு, சுத்தி மூண்டு நாலு கரிப் பொட்டலமும் வச்சு மூடுங்க. ரெண்டு நாளைக்கு ஒருக்காத் திறந்து பாத்து, கரிய வெய்யில்ல போட்டு எடுத்துத் திரும்ப வைக்கலாம். சாப்பாட்டு மணம் ஒரு கிழமையில குறையும். சிகரெட்டும் நெப்தலீனும் ஒரு மாசம், சிலநேரம் அதுக்கும் மேல. பொறுமை இல்லாத ஆக்கள் இந்த இடத்திலதான் ஸ்பிரேய வாங்குவாங்க.

அப்பச்சோடாவும் நல்லது, விலையும் குறைவு, எந்தப் பலசரக்குக் கடையிலயும் இரிக்கு. ஆனா தோலில கொட்டாதீங்க, தோல் கொஞ்சம் அமிலப் பக்கம், சோடா காரம், பட்டு நிண்டாத் தோல் வறளும், தையலுக்குள்ள போன தூள எடுக்கவும் ஏலாது. கிண்ணத்தில போட்டு மெல்லிசுத் துணியால வாயக் கட்டி உள்ள வையுங்க.

சிலிக்கா ஜெல் மணத்துக்கு இல்ல, ஈரத்துக்கு. சப்பாத்துப் பெட்டியில வாற சின்னப் பக்கெட் ஈரம் குடிச்சு முடிஞ்சிருக்கும், அத நம்பிக்கொண்டு இருக்காதீங்க. கலர் மாறுற வகைய வாங்கினா எப்ப முடிஞ்சது எண்டு தெரியும், ஆனா நீலம் ரோஸாகிற வகையில கோபால்ட் சேருது, பிள்ளைகள் இரிக்கிற வீட்டில செம்மஞ்சள் வகைய எடுங்க.

இங்க கனபேர் மாட்டிக்கொள்ளுற பொறி ஒண்டு, சுப்பர் மார்க்கெட்ல விக்கிற ஈரம் உறிஞ்சுற டப்பா. அடியில தண்ணி சேரும், பாக்கச் சந்தோசமா இரிக்கும். அது வெறும் தண்ணி இல்ல, கல்சியம் குளோரைட் கரைஞ்ச உப்புத்தண்ணி, பையில ஊத்துப்பட்டாத் தோல் சுருங்கி விறைச்சுப் போகும், திரும்ப எடுக்க ஏலாது. வைக்கிறதெண்டா அலுமாரியிட ஆகக் கீழ்த் தட்டில, பை மேல் தட்டில. அரிசி போடுற ஆக்களும் இரிக்கிறாங்க, ஈரத்த விட வண்டுதான் கெதியா வரும்.

தேங்காண்ணெய் பத்திக் கேக்காம இருக்க மாட்டீங்க. தோல் மினுங்கும், உண்மை. நாள் போகப் போகக் காறின எண்ணெய் மணம் வரும், அதுக்குப் பொறகு நீங்க இந்தக் கட்டுரைய முதல்ல இருந்து வாசிக்கணும்.

எல்லாம் முடிஞ்சு தோல் வறண்ட மாதிரித் தெரிஞ்சா மட்டும் நிறமில்லாத தோல் கண்டிஷனர் கொஞ்சமாத் துணியில எடுத்துப் பூசலாம், முதல்ல அந்த மறைவு மூலையில பரீட்சை பாத்திட்டு. சுவேட்டுக்கும் பூச்சில்லாத கைபிடிக்கும் வேணாம்.

7. கடைக்குக் குடுக்கிறதெண்டா: பத்திரம், காசு, நாள்

சீலை ஒட்டுது, உரியுது, இல்லாட்டி ஒரு மாசம் கரி வச்சும் நெப்தலீன் போகல்ல எண்டா வெளிய குடுக்கலாம். பிராண்டிட சொந்தக் கடை மட்டக்களப்பிலயும் இல்ல, கல்முனையிலயும் இல்ல. ரெண்டு வழி இரிக்கு.

முதல் வழி கொழும்பில தோல் பை திருத்துற ஆக்கள். வாட்ஸ்அப்ல படம் அனுப்பி விலை கேக்கலாம், ஆனா மணம் படத்தில தெரியாது, அதால பையப் பாத்த பொறகு விலை ஏறுமா எண்டு முதல்லயே கேட்டு எழுத்தில வாங்குங்க. என்ன போட்டுத் துடைப்பீங்க எண்டு கேளுங்க. ஓசோன் மெசின் எண்டு சொன்னா வேணாம், மணம் போகும், தோலும் நூலும் சேர்ந்து பழுதாகும். சீலை மாத்துறதெண்டா எந்தத் துணி, பழைய சீலையத் திருப்பித் தருவீங்களா எண்டு கேளுங்க, பிராண்ட் பேர் அடிச்ச தோல் துண்டு பெரும்பாலும் அந்தச் சீலையிலதான் தைச்சிருக்கும், அது துலைஞ்சா விக்கேக்க ஒருத்தரும் நம்பமாட்டாங்க. சீலை மாத்துறதுக்குத்தான் காசும் நாளும் கூடப் போகும், துடைச்சுத் தாறதுக்கு அவ்வளவு இல்ல.

பார்சல்ல போடாம உதயதேவி ரயில்ல போற தெரிஞ்ச ஆள் ஒருத்தரிட கையில குடுத்தனுப்புங்க. குடுக்க முதல் நாலு பக்கமும், மூலையும், கொழுக்கியும், உள்ள இரிக்கிற நம்பரும் பகல் வெளிச்சத்தில படம் எடுங்க. கடை தாற துண்டில பையிட பேர், நிறம், நம்பர், இப்ப இரிக்கிற கீறல், பேசின காசு, திரும்பத் தாற திகதி எல்லாம் எழுதி வாங்கச் சொல்லுங்க. "ஹேண்ட்பேக் 1" எண்டு மட்டும் எழுதின துண்டு ஒண்டுக்கும் உதவாது.

ரெண்டாவது வழி, வெளிநாட்டில இரிக்கிற சொந்தக்காரர் மூலமாப் பிராண்ட் கடைக்கே குடுக்கிறது. பில் இரிந்தா நல்லம், அதால பை தந்த ஆளிட்ட வெக்கப்படாமப் பில்லுக்குப் படமாவது கேட்டு வையுங்க. லூயி விட்டோன் 2021ல இருந்து உள்ள அடிக்கிற திகதிக் குறியீட்ட விட்டிட்டு சிப் வைக்குது, அதால புதுப்பையில நம்பர் காணல்ல எண்டு போலி எண்டு பதறாதீங்க. வெளி ஆள் கைவச்சுச் சீலை மாத்தின, சாயம் பூசின பையப் பல பிராண்டுகள் பொறகு தொடமாட்டாங்க, அதால விலைகூடின பை எண்டா முதல்ல பிராண்ட், அவங்க ஏலாது எண்டு சொன்னா மட்டும் கொழும்பு. பாத்து விலை சொல்ல ஒரு நாள், வேலைக்கு வேற நாள், மாசக்கணக்கில எடுக்கும், மாமி லீவுக்கு வந்து திரும்பிப் போகேக்க குடுத்து அடுத்த லீவுக்கு எடுக்கிற கணக்கில வையுங்க.

முதலைத் தோல், மலைப்பாம்புத் தோல் பை எண்டா சும்மா சூட்கேசில போட்டு அனுப்பாதீங்க. இது காட்டு விலங்கு வியாபாரத்தக் கட்டுப்படுத்துற சைட்டிஸ் எண்ட சர்வதேச ஒப்பந்தத்துக்குள்ள வாற சாமான், எல்லை தாண்டப் பத்திரம் கேக்கலாம், இல்லாட்டிப் பறிமுதல் வரைக்கும் போகலாம். கூரியர்ல அனுப்புறதெண்டா திருத்தத்துக்குப் போகுது எண்டு எழுதின கடிதமும் பெறுமதியும் படமும் வச்சிருங்க, திரும்ப வரேக்க சுங்கத்தில புதுச்சாமான் இல்ல எண்டு காட்ட அதுதான் கையில இரிக்கிறது.

8. திரும்ப வைக்கேக்க

உறையில போட்டு, அலுமாரியிட நடுத் தட்டில, ஒண்டோட ஒண்டு முட்டாம. பொலித்தீன் பையில சுத்தி வைக்காதீங்க, அதுக்குள்ள ஈரம் வேர்க்கும். உள்ளுக்க நிரப்ப நியூஸ் பேப்பர் போட்டா மை சீலையில ஒட்டும், பழைய தலையணை உறைய மடிச்சு வையுங்க. பூச்சி உருண்டை அந்தத் தட்டிலயே வேணாம், சாரிக்கு வைக்கிறதெண்டா வேற அலுமாரி. மாரி தொடங்கினா கிழமைக்கு ஒருக்கா அலுமாரியத் திறந்து மீற்றரப் பாருங்க, 65 தாண்டினா அண்டைக்கே பைய இறக்கி ஏசியிலயோ ஃபேன்லயோ வையுங்க. கரண்ட் போற நாள்ல ஒண்டும் செய்ய ஏலாது, கரண்ட் வந்த உடன பாருங்க.